கூமாப்பட்டிக்கு பஸ் ஏறும் முன் படிக்க சில புத்தகங்கள்

ஒருவர் "நல்லா இருக்கு, வந்து பாருங்க" என்று சொன்னால் என்னவெல்லாம் ஆகும்? 2025-ல் கூமாப்பட்டிக்கு ஆனதெல்லாம் ஆகும்.

வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயலும் தென்னந்தோப்பும் கண்மாயுமாக தன்பாட்டுக்கு இருந்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்தவர்களுக்கும், சதுரகிரி மலை ஏறப் போகிறவர்களுக்கும்தான் அந்தப் பேர் தெரியும். உள்ளூர் இளைஞர் ஒருவர் தண்ணீரில் நின்றபடி ஊரைத் தனித்தீவு என்று வர்ணித்துப் போட்ட ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. கேலி செய்தவர்களும் பார்த்தார்கள், நம்பியவர்களும் பார்த்தார்கள். பிறகு ஆட்கள் நிஜமாகவே வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். வந்த பிறகுதான் பிளவக்கல் அணையில் இஷ்டத்துக்கு இறங்கிக் குளிக்க முடியாது என்று தெரிந்தது. :)

அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்த ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேச ஒருத்தருக்கு உரிமை இல்லையா என்ன? அரை நிமிட வீடியோவில் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீர் யாருடையது, எத்தனை ஊர்க் கண்மாய் அதை நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர் வராத வருஷம் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் தெரியாது. அதற்குப் புத்தகம்தான் சரி. நல்ல வேளையாக, தமிழ்நாட்டில் வேறெந்தப் பக்கத்துக்கும் இல்லாத அளவுக்கு இந்த மண்ணுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. விருதுநகர் மாவட்டத்தையும் அதை ஒட்டிய கோவில்பட்டிப் பக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் சாகித்ய அகாதமி விருது 1970, 1991, 2008, 2014, 2018, 2019 என்று ஆறு தடவை வந்திருக்கிறது. வெயிலைத் தவிர வேறு விளைச்சல் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் புத்தகத்தின் பேரைக் கேட்டு யாரும் தாவி அடுத்த பத்திக்கு ஓட வேண்டாம். ஆமுக்தமால்யதா. எழுதியவர் விஜயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர். எழுதிய மொழி தெலுங்கு. கதை நடக்கும் இடம்? ஸ்ரீவில்லிபுத்தூர்! துங்கபத்திரைக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு சக்கரவர்த்தி பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பற்றிக் காவியம் எழுதுகிறார், அது தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் ஒன்றாகிவிடுகிறது. கூமாப்பட்டி ரீல்ஸுக்கு ஐந்நூறு வருஷம் முன்பே இந்தப் பக்கத்துக்கு ஒரு வெளியூர்க்காரர் கொடுத்த சிபாரிசு என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அதில் வில்லிபுத்தூரை வர்ணிக்கும் இடம் ஒன்று தெலுங்கு படித்தவர்கள் மத்தியில் ரொம்பப் பிரசித்தம். விடியற்காலை. வயலுக்குப் போகும் வாய்க்காலில் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகின்றன. ஊர்க்காவல்காரர்கள் அதைப் பார்த்து, குளிக்க வந்த பிராமணர்கள் பிழிந்து வைத்துவிட்டு மறந்து போன வேட்டிகள் என்று நினைத்து, எடுத்துக் கொடுக்கலாமே என்று தண்ணீரில் இறங்குகிறார்கள். வேட்டி எழுந்து ஓடுகிறது. நெல்லுக்குக் காவல் இருக்கும் பெண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. போர், படையெடுப்பு, கஜானா என்று ஆயிரம் தலைவலி இருக்கும் ஒரு ராஜா, வாத்தைப் பார்த்து ஏமாந்த காவல்காரனுக்கு ஒரு பாட்டை ஒதுக்கியிருக்கிறார் பாருங்கள்... பாடத்திட்டத்தில் இந்த மாதிரி நாலு இடத்தை வைத்தால் யாரும் வகுப்பைக் கட் அடிக்க மாட்டார்கள்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்துக்காரர், மு.கு. ஜகந்நாதராஜா. 2008-ல் காலமானார். தெலுங்கு, சமஸ்கிருதம், பிராகிருதம் என்று பல மொழிகளுக்குள் போய் வந்தவர். இந்த மொழிபெயர்ப்புக்கு சாகித்ய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ராஜபாளையம் என்றால் நாயும் நூல் மில்லும்தான் என்று நினைக்கிறவர்கள் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், 1950-க்குப் பிறகு முதலமைச்சராகவும் இருந்த பி.எஸ். குமாரசாமிராஜா தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன ஊர் அது.

வாத்தும் வாய்க்காலும் நெல்லும் இன்றைக்கும் வத்திராயிருப்புப் பக்கம் உண்டு. ஆனால் அப்படியே கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி என்று போனால் வேறு உலகம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்புறம் கேரளாவில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப்புறம் காற்றை மட்டும் அனுப்பும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த வருஷம் கோவிந்தா. கரிசல் மண், மானாவாரி விவசாயம். அங்கே ஊரின் உயிர் கண்மாயில் இருக்கிறது.

அந்தக் கண்மாய்தான் சோ. தர்மனின் 'சூல்' நாவலுக்கு ஹீரோ. ஹீரோயினும் அதுதான், வில்லனிடம் மாட்டிக்கொள்வதும் அதுதான். தர்மனின் சொந்த ஊரான உருளைக்குடியின் கண்மாய். எட்டயபுரம் ஜமீன் காலத்தில் கதை ஆரம்பிக்கிறது. கண்மாய்க்கு வரும் தண்ணீரை எந்த மடையில், எப்போது, எவ்வளவு திறப்பது என்று பார்த்துக்கொள்ள நீர்ப்பாய்ச்சி என்று ஒரு ஆள். கரையைக் காப்பது, வரத்துக்காலைச் சுத்தம் செய்வது எல்லாம் ஊரின் பொறுப்பு. இப்படிப்பட்ட ஊர்களில் கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் கிடக்கும் வண்டலை வண்டி கட்டி அள்ளி வயலில் கொண்டுபோய் அடிப்பார்கள். நிலத்துக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். பி.காம். படிக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியும்: டபுள் என்ட்ரி! ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு, காசு கைமாறவே இல்லை.

சுதந்திரம் வருகிறது. கண்மாய் ஊரின் கையை விட்டு அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. போன பிறகு அது யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிறது. அந்தக் கண்மாய் எப்படிப் பாழாகிறது என்பதுதான் மீதி நாவல். தர்மன் வெள்ளைக்காரன் காலத்தையோ ஜமீன் காலத்தையோ தூக்கிப் பிடிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய ஊரில் யார் கரையில் உட்கார்ந்திருந்தார்கள், யார் சேற்றில் நின்றார்கள் என்று கேட்க வேண்டியதுதான். இதே தர்மன் 'கூகை' நாவலில் அதைக் கேட்டும் இருக்கிறார். ஆக, இரண்டையும் சேர்த்துப் படிப்பது உத்தமம். 'சூல்' 2019-ல் விருது வாங்கியது. ஐந்நூறு பக்கம் பார்த்துப் பயப்படாதீர்கள். உள்ளே முழுக்கக் கதைகள், கெட்ட வார்த்தை உட்பட எல்லாம் உண்டு. பிளவக்கல் அணைக்குக் குளிக்கப் போகிறவர் இதைப் படித்துவிட்டுப் போனால், மடையைப் பார்க்கும்போது செல்ஃபிக்கு முன்னால் வேறு ஏதாவது ஞாபகம் வரும்.

அடுத்தது கி. ராஜநாராயணன். கரிசல் என்று சொல்லிவிட்டு கி.ரா. பேரை இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்ததற்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார். எட்டாம் வகுப்பைக்கூடத் தாண்டாத அவரை ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. அவர் ஒண்டி ஆளாகத் தொடங்கித் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982-ல் வந்தது. 'கோபல்ல கிராமம்' (1976) எல்லாரும் சொல்வதுதான். ஆந்திராவிலிருந்து தப்பித்து வந்து, காட்டுக்குத் தீ வைத்து, நிலத்தைத் திருத்தி ஊர் உண்டாக்கிய ஜனங்களின் கதை. வீட்டில் தெலுங்கு பேசி வெளியே தமிழ் பேசும் எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பக்கம் எப்படி வந்தன என்று யோசித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நாவலின் தொடக்கத்திலேயே ஒரு கொலை நடக்கிறது, தண்ணீருக்குள் அமுக்கப்பட்ட கர்ப்பிணிப் பெண் கொலைகாரனின் கால் விரலைக் கடித்த கடியில் அவன் மாட்டிக்கொள்கிறான். அதைப் படித்தவர்கள் புத்தகத்தை மூடி வைக்க மாட்டார்கள், கேரண்டி.

ஆனால் நாவலுக்கு நேரமில்லை, செமஸ்டர் வருகிறது என்கிறவர்களுக்கு ஒரே ஒரு சிறுகதை போதும். 'கதவு'. பத்து நிமிஷம்தான் ஆகும்.

ஏழை வீடு. அப்பா வேலை தேடி வெளியூர் போனவர், தகவல் இல்லை. அம்மா கூலிக்குப் போகிறாள். வீட்டில் இருக்கும் ஒரே உருப்படியான பொருள் ஒரு பழைய கதவு. பிள்ளைகள் அதில் ஏறி நின்று ஆடுகிறார்கள், அதுதான் அவர்களுக்கு பஸ், டிக்கெட் கொடுத்து விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கி. ஒரு நாள் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக் கொண்டுபோகிறார். பிள்ளைகளுக்கு முதலில் அது ஒரு வேடிக்கை. பிறகு குளிர்காற்று வருகிறது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது...

மேலே சொன்னால் கதை கெட்டுவிடும். காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு வேலை செய்து பார்க்கலாம். பாக்கிக்காக ஜப்தி செய்வது, சொத்தின் மதிப்பு, தேய்மானம் எல்லாம் பாடத்தில் வருகிறது. அந்தக் கதவைப் புத்தக மதிப்புப்படி கணக்கிட்டால் அநேகமாகப் பூஜ்யம், பழைய சாமான். அரசாங்கத்துக்கு அதை வைத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கோ வீட்டுக்கும் காற்றுக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான். லெட்ஜரில் எந்தப் பக்கம் எழுதினாலும் இந்தக் கணக்கு டேலி ஆகாது. கடைசியில் பிள்ளைகள் அந்தக் கதவை மறுபடி பார்க்கும் இடத்தைப் படித்துவிட்டு யாராவது கண் கலங்கவில்லை என்றால் அவருக்கு ஆடிட்டர் ஆகும் தகுதி பூரணமாக இருக்கிறது :)

பூமணிக்கு அறிமுகம் தேவையில்லாமல் 'அசுரன்' (2019) செய்துவிட்டது. மூலம் 1982-ல் வந்த 'வெக்கை'. படத்தைப் பார்த்துவிட்டேன், புத்தகம் எதற்கு என்கிறவர்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். படத்தில் வரும் பிளாஷ்பேக் தனுஷ் நாவலில் இல்லை. நாவலில் இருப்பது கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும், எட்டு நாள். காடு, ஓடை, பாறை, பசி. எங்கே கிழங்கு கிடைக்கும், எந்தக் குகையில் நெருப்பு மூட்டினால் வெளியே புகை தெரியாது என்கிற பேச்சுதான் நிறைய. படத்தில் அப்பா மகனை அடிக்கவும் செய்வார். புத்தகத்து அப்பா மகனோடு பேசுகிறார், சோறு பொங்கிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். வெற்றிமாறன் எடுத்தது நல்ல படம். ஆனால் அப்பா மகன் விஷயத்தில் புத்தகம் ஒரு படி மேலே. பூமணியின் 'அஞ்ஞாடி' 2014-ல் விருது வாங்கியது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் உள்ளே வருகின்றன. ஆயிரம் பக்கத்துக்கு மேல், படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும். முதலில் 'வெக்கை'யை முடியுங்கள், அப்புறம் பார்க்கலாம். பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர் என்பது கூடுதல் தகவல். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படமும் இயக்கினார்.

இன்னும் மூன்று பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்', கரிசல் ஊர்களில் நாதஸ்வரம் வாசிக்கிறவர்களைப் பற்றியது. கோயில் கொடைக்கு வாசிக்கக் கூப்பிட்டுவிட்டு அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று படித்த பிறகு கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்கும்போது சாம்பாரில் கவனம் போகாது. மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஊரிலேயே சின்னக் கடை வைத்திருந்தவர். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதியவருக்கு 'மின்சாரப்பூ' தொகுப்புக்காக 2008-ல் விருது வந்தது. எல்லாக் கதையும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது, சிலதில் பிரசங்கம் தூக்கல். ஆனால் பெட்டிக்கடைக் கடன் நோட்டு, வட்டிக்காரன், அரை கிலோ அரிசிக்குத் தயங்கி நிற்கும் பெண் என்றெல்லாம் வரும்போது அவரை மிஞ்ச ஆள் இல்லை. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதைதான் 2008-ல் சசி இயக்கத்தில் 'பூ' படமானது. மாமன் மகனை நினைத்துக்கொண்டு வளர்ந்த பெண், வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அவனைப் பார்க்க வெயிலில் நடந்து வருகிறாள். அவ்வளவு சின்னக் கதையிலிருந்து ஒரு முழுப் படம் எடுக்க முடிந்தது என்றால் கதைக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

கி.ரா.வின் அதே இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. இந்தக் கதை இருக்கும் தொகுப்புக்குத்தான் 1970-ல் சாகித்ய அகாதமி விருது. அதே வருஷம் ஜூலையில் அவர் காலமாகிவிட்டார், விருது பிறகுதான் வந்தது. புத்தகம் கொடுப்பதைப் பற்றித் தமிழில் இதைவிட நல்ல கதை இருக்கிறதா என்பது சந்தேகம்.

பத்திரிகையில் வேலை செய்யும் ஒருவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் மேலே விழுந்து பிடுங்குவார்கள். அவ்வளவு சிநேகம், மரியாதை கிரியாதை எதுவும் கிடையாது. புத்தாண்டு வருகிறது, இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன், அதிகம் பேசாதவன். அவனுக்கு டைரி இல்லை. வேண்டுமென்றே விட்டதல்ல, அவனுக்குக் கொடுக்கணும் என்று தோன்றவில்லை. பிறகு அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். போனால், அவனாகவே சம்பாதித்து வைத்திருக்கும் ஒரு டைரியையும் பேனாவையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, தனக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்த மாதிரி அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

வில்லன் கிடையாது, யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் சாகவில்லை. ஆனாலும் படித்து முடித்ததும் 'யாரையெல்லாம் விட்டோம்' என்று ஒரு பட்டியல் தானாக மனசுக்குள் ஓட ஆரம்பிக்கும். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் புத்தகப் பேச்சையும் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருக்கும் ஆள் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவரிடம் யாரும் 'நீ என்னப்பா படிச்சே?' என்று கேட்டிருக்க மாட்டார்கள். இதைப் படிக்கும் வகுப்புத் தோழர்கள் நாளைக்கே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், சாரங்கன் நம்பர் பி.காம். எல்லா செக்‌ஷனிலும் உண்டு.

காசு? அதற்கும் வழி இருக்கிறது. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1948-ல். அதன்படி உள்ளாட்சி வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே இருக்கும். அதாவது இந்தப் புத்தகங்களுக்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது, சரக்கை எடுக்கத்தான் யாரும் போகவில்லை. கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆக ஆகும் செலவு ஒரு கிலோ பால்கோவா விலைக்கு ரொம்பக் கீழே. (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது, அதையும் விட்டுவிட வேண்டாம்.)

வரிசை கேட்பவர்களுக்கு: முதல் நாள் 'கதவு', 'அன்பளிப்பு' இரண்டும். அந்த வார இறுதியில் 'வெக்கை'. லீவு விட்டதும் 'சூல்', முடித்த கையோடு கூமாப்பட்டிக்கு பஸ். ஆமுக்தமால்யதா மொழிபெயர்ப்பு கடையில் சுலபமாகக் கிடைக்காது, நூலகத்தில் இருந்தால் விடாதீர்கள். வத்திராயிருப்பில் இறங்கி மேற்கே பார்த்தால் மலை தெரியும். வயலில் தண்ணீர் நிற்கும் மாசமாக இருந்தால் வாத்தும் தெரியும், வேட்டி என்று நினைத்து இறங்கிவிட வேண்டாம்.